வோட்டர் பம்ப் இம்பெல்லருக்கு எந்த ப்ளாஸ்டிக்: நைலோனா, பிபியா, நோரிலா, பிபிஎஸ்ஸா?

ரத்மலானைல சின்னதா ஒரு இன்ஜெக்ஷன் மோல்டிங் ஷொப் வெச்சிருக்கிற எங்கட மச்சானுக்கு ஒரு ஓடர் வந்திருக்கு, வீட்டு வோட்டர் பம்புக்கு போடுற இம்பெல்லர், அதாவது உள்ளுக்கு சுத்தி தண்ணிய தள்ளுற இதழ் வெச்ச சில்லு, ஒரு எச்பி மோட்டர், விட்டம் 130 மில்லிமீட்டர், இவ்வளவு நாளும் பித்தளைல வார்த்தது, இனி கண்ணாடி நார் கலந்த ப்ளாஸ்டிக்ல அடிச்சுத் தாங்கன்னு பார்ட்டி கேக்குது. எந்த ப்ளாஸ்டிக்னு மட்டும் அவங்க சொல்லல. மச்சான் நாலு டேட்டா ஷீட் எடுத்து வெச்சிருக்கார், நைலோன் 66, பொலிப்ரொப்பிலீன் அதாவது பிபி, நோரில், பொலிபினைலீன் சல்ஃபைட் அதாவது பிபிஎஸ், நாலுலயும் கண்ணாடி நார் இருக்கு, நாலுலயும் இழுவை வலிமைங்கிற வரிய மட்டும் மஞ்சள் பேனால கோடு போட்டிருக்கார். அதை வெச்சு பாத்தா நைலோனும் பிபிஎஸ்ஸும் 180, 190 மெகா பாஸ்கல்னு முன்னுக்கு நிக்குது, நோரில் 30 சதவீத நாரோட 120 கிட்ட, நல்ல பிபி கூட 90 சுத்தி தான். அப்ப நைலோன் தானே, விலையும் பரவாயில்லையேன்னு கேக்கிறார். என்ட பதில், அந்த மஞ்சள் கோட்ட முதல்ல மறந்திருங்க.

ஏன்னு ஒரு சின்ன கணக்கு. எங்கட கரன்ட் 50 ஹேர்ட்ஸ், ரெண்டு போல் மோட்டர் லோட்ல நிமிஷத்துக்கு 2900 சுத்து கிட்ட ஓடும், 130 மில்லிமீட்டர் சில்லுக்கு விளிம்பு வேகம் செக்கனுக்கு 20 மீட்டர் அளவுல வரும். சுத்துற வளையத்துல வர்ற இழுவை அடர்த்திய வேகத்தோட வர்க்கத்தால பெருக்கினா வரும், 1300 தர 400, மொத்தமே அரை மெகா பாஸ்கல். தண்ணி தள்ளுற அழுத்தம் ரெண்டு மூனு பார், அது 0.3 மெகா பாஸ்கல். இதழ் அடியில வளையிறதையும் சேத்தா சில மெகா பாஸ்கல் வரும்னு வெச்சுக்கங்க, 180 எங்க இது எங்க. உண்மையா அடி வாங்குற ஒரே இடம் நடு ஓட்டை தான், ஒரு எச்பிக்கு முறுக்கு விசை 2.5 நியூட்டன் மீட்டர், 12 மில்லிமீட்டர் ஷாஃப்ட்ல அது 400 நியூட்டன், ஸ்டார்ட் ஆகிறப்போ இன்னும் பல மடங்கு, அதுக்கு எந்த ப்ளாஸ்டிக் எடுத்தாலும் பித்தளை இன்சர்ட், அதாவது ஓட்டைக்குள்ள பதிக்கிற பித்தளைத் துண்டு, ஒன்னு போடுறது தான் நல்லம். ஆக கேள்வி வலிமை இல்ல. வருஷக்கணக்கா தண்ணிக்குள்ள கிடந்தும் அளவு மாறாம இருக்குமா, டேங்க்ல தண்ணி இல்லாம பம்ப் சும்மா ஓடினா தாங்குமா, ரெண்டு பாதியா அடிச்சு ஒட்டுறது ஒட்டுமா, மச்சான்ட மெஷின்ல அடிக்க ஏலுமா. இந்த நாலும் தான்.

நைலோன்ல இருந்து தொடங்குவம், ஏன்னா எல்லாரும் முதல்ல கை வெக்கிறது அதுல தான். நைலோன் மூலக்கூறுச் சங்கிலில இருக்கிற அமைட் கூட்டங்கள் ஒன்னை ஒன்னு ஹைட்ரஜன் பிணைப்பால பிடிச்சுக்கிட்டு இருக்கு, அதோட விறைப்பு, சூடு தாங்குற குணம் எல்லாம் அங்க இருந்து தான் வருது, ஆனா தண்ணிக்கும் அதே பிணைப்பு தான் பிடிக்கும், தண்ணி உள்ளுக்குப் போய் சங்கிலிகளுக்கு நடுவுல இருந்துகொள்ளும். தனி நைலோன் 66 தண்ணில ஊறினா தன்ட நிறைல 8 சதவீதத்துக்கு மேல குடிக்கும், 30 சதவீதம் நார் போட்டா கண்ணாடி குடிக்காதபடியால அஞ்சு ஆறு சதவீதத்துல நிக்கும். டேட்டா ஷீட்ல நைலோனுக்கு மட்டும் ரெண்டு நிரல் இருக்கும் பாருங்க, ஒன்னு காய்ஞ்சது, மத்தது கண்டிஷன் பண்ணினது. காய்ஞ்சதுல 185, கண்டிஷன் பண்ணினதுல 120, 130, விறைப்பும் 10 கிகா பாஸ்கல்ல இருந்து 7க்கு இறங்கும். இதுல கவனிக்க வேண்டிய விஷயம், கண்டிஷன் பண்ணினதுன்னா 23 டிகிரி, 50 சதவீத ஈரப்பதம். கொழும்புக் காத்து ஏசி ரூமுக்கு வெளில எந்த மாசம் 50 சதவீதத்துல நின்டது? 75, 80 தான் எங்கட சாதாரணம், அதுவும் இந்தச் சாமான் காத்துல இல்ல, முழுசா தண்ணில கிடக்கப் போகுது. ஆக மோசமா காட்டுற நிரல் கூட எங்களுக்கு நல்ல நிரல் தான்.

வலிமை குறையிறத நான் பெரிசா எடுக்கல, மேல சொன்ன கணக்குப்படி அது காணும். பிரச்சினை வீங்குறது. இம்பெல்லர் கழுத்துக்கும் உறைக்கும் நடுவுல இடைவெளி ஒரு பக்கத்துக்கு 0.2 மில்லிமீட்டர்னு வைங்க, கழுத்து விட்டம் 50. அரை சதவீதம் வீங்கினா விட்டம் 0.25 கூடும், ஒரு பக்கத்துக்கு 0.125, இடைவெளில பாதிக்கு மேல போச்சு. அதோட நார் எந்தப் பக்கம் படுத்திருக்கோ அந்தப் பக்கம் கொஞ்சமா வீங்கும், குறுக்கால கூட வீங்கும், ஆகவே வட்டமா அடிச்சது முட்டையா வந்து நிக்கும். இதைத் தவிர்க்க இடைவெளிய முதல்லயே கூட்டி விட்டா தண்ணி பின்னுக்கு கசிஞ்சு பம்ப்ட திறன் குறையும், மாசா மாசம் கரன்ட் பில்லுல போகும். நகரசபைத் தண்ணில இருக்கிற குளோரினும் நைலோனுக்கு நல்ல சிநேகிதம் இல்ல. நைலோன் கெட்ட சாமான்னு சொல்ல வரல, அதே பம்ப்ட பின்னால மோட்டருக்கு போடுற ஃபேன், கால் ப்ராக்கெட் எல்லாத்துக்கும் அது அருமை, ரப்பர் துளிகள் கலந்து அடி தாங்க செஞ்ச நைலோன் வகை 1970கள் நடுவுல டூபொன்ட் கொண்டு வந்தது, துளிக்கும் துளிக்கும் இடைல உள்ள நைலோன் சுவர் 0.3 மைக்ரோமீட்டருக்குக் கீழ வந்தா சட்டுனு உடையிற சாமான் உடையாத சாமானா மாறுதுன்னு பிறகு கண்டுபிடிச்சாங்க, ட்ரில் மெஷின் உறை மாதிரி விழுந்து எழும்புற வேலைக்கெல்லாம் அது தான் சரி. ஆனா தண்ணிக்குள்ள சுத்துறதுக்கு இல்ல.

அடுத்து பிபி. மலிவு, அடர்த்தி 30 சதவீத நாரோட கூட 1.13 தான், தண்ணி கிட்டத்தட்ட குடிக்கவே குடிக்காது, மச்சான்ட மெஷின்ல 230, 240 டிகிரில லேசா ஓடும், காய வெக்கத் தேவையில்ல. இவ்வளவும் இருந்தும் ஏன் யோசிக்கணும்னா பிபிக்கும் கண்ணாடிக்கும் ஒத்துப் போகாது. பிபி சங்கிலில கண்ணாடியப் பிடிக்க ஒரு கையும் இல்ல, வெறும் ஹைட்ரோகார்பன். அதனால மெலேயிக் அன்ஹைட்ரைட் ஒட்டின பிபி கொஞ்சம் ஒட்டுமருந்தா கலப்பாங்க, பொதுவா சில சதவீதம் தான், அது ஒரு பக்கம் நார் மேல பூசியிருக்கிற சைலேன் பூச்சைப் பிடிக்கும், மத்தப் பக்கம் பிபியோட கலந்து போகும். இது போட்ட மால், போடாத மால், ரெண்டும் கறுப்பு குருணலா பையில ஒரே மாதிரி இருக்கும், 30 சதவீதம் கண்ணாடின்னு ரெண்டுலயும் எழுதியும் இருக்கும், ஆனா போடாததுல வலிமை பாதிக்குக் கிட்ட விழும், ஊற ஊற இன்னும் விழும், ஏன்னா தண்ணி பிபிக்குள்ள போகாட்டியும் பிடிப்பு இல்லாத நாரோரமா நைசா போயிரும்.

நார் நீளமும் இதோட சேந்த கதை தான். தும்புக் கயிறு திரிக்கிறப்போ தும்பு கட்டையா இருந்தா இழுத்த உடனே வழுக்கிட்டு வந்திரும், தும்பு அறாது, கயிறு தான் பிரியும், இங்கயும் அதே தான். எவ்வளவு நீளம் காணும்னு ஒரு சூத்திரம் இருக்கு, நார் வலிமைய விட்டத்தால பெருக்கி, ஒட்டுப் பிடிப்போட ரெண்டு மடங்கால பிரிக்கிறது. கண்ணாடி நாருக்கு 2000 மெகா பாஸ்கல், விட்டம் 13 மைக்ரோமீட்டர், பிடிப்பு 10 மெகா பாஸ்கல்னா 1.3 மில்லிமீட்டர் நீளம் வேணும், பிடிப்பு 25க்கு ஏறினா அரை மில்லிமீட்டரே காணும். ஸ்க்ரூ, நோசில், கேட் எல்லாம் தாண்டி அச்சுக்குள்ள வர்ற நார் 0.3, 0.5 தான் இருக்கும். இப்ப விளங்கும், ஒட்டுமருந்து இல்லாட்டி நார் முழுக்க சும்மா நிரப்பியா தான் கிடக்குது. அதே காரணத்துக்கு அரைச்ச பழைய மால் கலக்கிறதையும் நான் விரும்புறதில்ல, ஒவ்வொரு தடவை அரைச்சு உருக்கிறப்பவும் நார் இன்னும் கட்டையாகும், கறுப்பு நிறம் எல்லாத்தையும் மறைச்சிரும்.

பிபில இன்னும் ரெண்டு வில்லங்கம். பித்தளை இன்சர்ட் போடணும்னு சொன்னன் தானே, பித்தளைல உள்ள செம்பு பிபி ஒக்சிடேஷன, அதாவது ஒக்சிஜன் பட்டு கெட்டுப் போறத, வேகப்படுத்தும், அதுக்குன்னு செம்பைத் தாங்குற மருந்து போட்ட கிரேட் கேட்டு வாங்கணும், இல்லாட்டி துருப்பிடிக்காத எஃகு இன்சர்ட்டுக்கு மாறணும். மத்தது சூடு. கீழ் டேங்க் காலியாகி பம்ப் சும்மா ஓடுறது கொழும்புல எந்த ஃப்ளாட்ல நடக்காத விஷயம்? உறைக்குள்ள மிஞ்சின தண்ணி கொதிக்கிற அளவுக்குப் போகும், 100 டிகிரில நார் போட்ட பிபிட விறைப்பு பாதிக்கு மேல குறைஞ்சிரும், உருகாது, ஆனா சுத்திக்கிட்டே இருந்தா மெல்ல இழுபட்டு உறைல உரசத் தொடங்கும்.

நோரில் கதை எனக்குப் பிடிச்ச கதை. 1956ல ஜெனரல் எலெக்ட்ரிக்ல அலன் ஹேங்கிற கெமிஸ்ட் பொலிபினைலீன் ஒக்சைட் செய்யிற வழிய கண்டுபிடிச்சார், சுருக்கமா பிபிஓ, கண்ணாடி நிலை மாறுற சூடு, அதாவது விறைப்பு விட்டு இளகத் தொடங்குற மாறுசூடு, 210 டிகிரி கிட்ட, தண்ணிய கிட்டயே விடாது. ஆனா உருக்க 300க்கு மேல போகணும், அங்க போனா காத்து பட்டு கெட்டுப் போகத் தொடங்கும், யாராலயும் ஒழுங்கா மோல்ட் பண்ண ஏலாது. பிறகு பொலிஸ்டைரீனோட கலந்து பாத்தா ரெண்டும் முழுசா ஒன்னாகிருச்சு. இது சாதாரண விஷயம் இல்ல. நீளமான சங்கிலிகள் ஒன்னோட ஒன்னு கலக்கிறதால வர்ற ஒழுங்கின்மை லாபம் மிச்சம் சின்னது, அதனால ரெண்டு பொலிமர ஒரு பானைல போட்டா பெரும்பாலும் எண்ணெயும் தண்ணியும் போல பிரிஞ்சு தான் நிக்கும், இடைல ஒட்டுமருந்து போட்டு சமாளிக்கணும். பிபிஓவும் ஸ்டைரீனும் மட்டும் எந்த அளவுல கலந்தாலும் ஒரே நிலை, ஒரே மாறுசூடு, சரி பாதி கலந்தா கணக்குப்படி 150 டிகிரி கிட்ட வரும். ஸ்டைரீன் கூட்டக் கூட்ட உருக்கிறது லேசு, விலையும் குறையும், சூடு தாங்குறது கொஞ்சம் கொஞ்சமா இறங்கும், அவ்வளவு தான். 1966ல நோரில்ங்கிற பேர்ல சந்தைக்கு வந்தது, 2007ல ஜீஈட ப்ளாஸ்டிக் பிரிவ சவூதிட சாபிக் வாங்கினதுல இருந்து அவங்கட பேர்ல வருது. பழைய சோனகர் தெருவுல பம்ப் கடைல போய் இம்பெல்லர் என்ன மால்னு கேட்டா கவுன்டர்ல நிக்கிற பொடியன் கூட நோரில்னு சொல்றது இதைத் தான்.

இம்பெல்லருக்கு இது ஏன் பொருந்துதுன்னா முதலாவது அளவு. படிகம் இல்லாத, அதாவது சங்கிலிகள் ஒழுங்கா அடுக்கிக்கொள்ளாத பொலிமர், ஆறுறப்போ சுருங்குறது நார் போட்ட வகைல 0.2, 0.4 சதவீதம் தான், நீளத்துக்கும் குறுக்குக்கும் பெரிய வித்தியாசம் இல்ல, நைலோன்லயும் பிபிலயும் குறுக்கால ரெண்டு மடங்கு சுருங்கி முகம் கோணிரும். முகம் கோணினா 2900 சுத்துல ஆட்டம், ஆட்டத்துல முதல்ல போறது ஷாஃப்ட் சீல். ரெண்டாவது ஒட்டுறது, இதை ஏனோ யாரும் டேட்டா ஷீட்ல தேடுறதே இல்ல. இதழுக்கு ரெண்டு பக்கமும் தட்டு வெச்சு மூடின இம்பெல்லர ஒரே அடியில அச்சுல இருந்து எடுக்க ஏலாது, ரெண்டு பாதியா அடிச்சு அல்ட்ராசொனிக்ல வெல்ட் பண்ணணும். படிகமில்லாத நோரில் மெதுவா இளகி நல்லா ஒட்டும், பிபி அதிர்வ உறிஞ்சிரும், நைலோன் ஈரம் குடிச்சிருந்தா வெல்ட் ஓரம் குமிழ் கட்டும். மூனாவது, சும்மா ஓடி 100 டிகிரி வந்தாலும் மாறுசூட்டுக்கு கிட்டப் போகும் வரைக்கும் விறைப்பு பெரிசா அசையாது.

குறையும் இருக்கு, மறைக்கத் தேவையில்ல. எண்ணெய், கிரீஸ், சொல்வென்ட் பட்டா நோரில் அழுத்தம் உள்ள இடத்துல மயிர்க்கோடா வெடிக்கும். பம்ப் ரிப்பேர் செய்யிற பாஸ்மார் சீல் ஏத்த கைல கிடைச்ச என்ஜின் ஒயில் கொஞ்சம் தடவுறது வழக்கம், இம்பெல்லர் கழுத்துல அது பட்டா ஒரு மாசத்துக்குப் பிறகு கழுத்து வெடிச்சு வரும், ப்ளாஸ்டிக் சரியில்லன்னு பழி வரும். சவர்க்காரத் தண்ணி, இல்லாட்டி சிலிக்கோன் கிரீஸ்னு பெட்டிக்குள்ள சிங்களத்துலயும் தமிழ்லயும் ஒரு துண்டு அச்சடிச்சு வெக்கிறது நல்லம். பீவீசீ பைப் கம்மும் அப்படித்தான், கூட ஊத்தினா வழிஞ்சு உள்ளுக்கு வரும். மணல் வர்ற கிணத்துக்கும் இது சரி வராது, மணல் மேல் ரெசினத் தேய்ச்சு நாரை வெளில எடுத்திரும், அங்க பித்தளையே இருக்கட்டும்.

பிபிஎஸ் பத்தி சுருக்கமா. 40 சதவீத நாரோட விறைப்பு 14 கிகா பாஸ்கல், 280 டிகிரிக்கு மேல தான் உருகும், தண்ணி குடிக்கிறது நூத்துல ஒரு பங்குல ஒரு சின்னப் பகுதி, குளோரின் தவிர கிட்டத்தட்ட எந்த கெமிக்கலுக்கும் அசையாது, சுடுதண்ணி சுத்துற பம்புக்கு இதை விட நல்லது இந்தப் பட்டியல்ல இல்ல. ஆனா அச்சு சூடு 135 டிகிரிக்கு மேல இருக்கணும், மச்சான்ட்ட இருக்கிறது தண்ணி ஓடுற கன்ட்ரோலர், 90ஐத் தாண்டாது. குளிர் அச்சுல அடிச்சா தோல் மட்டும் படிகமாகாம நிக்கும், பிறகு சூடு பட்டா அப்ப தான் படிகமாகி சுருங்கும். ஒயில் கன்ட்ரோலர் வாங்கணும், தேய்மானம் தாங்குற பெரல் வாங்கணும், மாலும் விலை, ஒன்னரை ரெண்டு சதவீதம் நீண்டாலே உடையும். குளிர்தண்ணி வீட்டுப் பம்புக்கு இது வீண் செலவு.

வேற பேரும் வந்தது. அசிட்டல் நல்லா வழுக்கும்னு ஒருத்தர் சொன்னார், குளோரின் தண்ணிக்கு வேணாம், அமெரிக்காவுல வீட்டு பைப் லைனுக்குப் போட்ட அசிட்டல் ஃபிட்டிங்கும் பொலிபியூட்டிலீன் பைப்பும் வெடிச்சு 1995ல 95 கோடி டொலர் இணக்கத்துல போய் முடிஞ்ச வழக்கு இருக்கு. கார்பன் நார்? 230 கிகா பாஸ்கல் நார், கேக்க நல்லா இருக்கும், அரை மெகா பாஸ்கல் வேலைக்கு எதுக்கு. எங்கட போகல, கஹட்டகஹ சுரங்கங்கள்ல எடுக்கிற கிராஃபைட்ட அரைச்சுப் போட்டா என்னன்னும் கேள்வி வந்தது, நாட்டுப் பெருமைக்கு நானும் ஆசைப்படுறன் தான், கிராஃபைட் தாள் தாளா வழுக்குற சாமான், புஷ், தேய்ப்பு வளையம் மாதிரி உரசுற இடத்துக்கு கொஞ்சம் போட்டா உதவும், இம்பெல்லர் உரசவே கூடாத சாமான். நானோ, அதாவது மிச்சம் நுண்ணிய துகள் கலக்கிற விஷயத்துலயும் அதே நிதானம் வேணும். டொயோட்டா நைலோன் 6ல அஞ்சு சதவீதத்துக்கும் குறைவா களிமண் தகடுகள் விரிச்சு சூட்டு வளைவ, அதாவது பாரம் வெச்சா வளையத் தொடங்குற சூட்ட, 65 டிகிரில இருந்து 145க்கு மேல ஏத்தினது உண்மை, 1993 கேம்ரில டைமிங் பெல்ட் கவரும் வந்தது, ஆனா அவங்க பொலிமர் உருவாகுறப்பவே தகடுகளுக்கு நடுவுல அதை வளர வெச்சாங்க, நாங்க ரெடி மேட் குருணலோட பவுடர் கொட்டி ஸ்க்ரூல கலக்கினா தகடு பிரியாது, கட்டி கட்டியா தான் நிக்கும்.

முடிவுக்கு வருவம். நகரத் தண்ணி, மூடின வகை, இது தான் பார்ட்டி கேக்கிறதுன்னா நோரில், அதுவும் 30 இல்ல 20 சதவீத நார், விறைப்பு 6 கிகா பாஸ்கலுக்கு மேல காணும், மெல்லிய இதழுக்குள்ள லேசாப் பாயும். பார்ட்டி விலைல இறங்கவே மாட்டன்னு நின்டா திறந்த வகை இம்பெல்லர், ஒட்டுமருந்து போட்ட பிபி, எஃகு இன்சர்ட், மோட்டருக்கு சூடு வந்தா நிப்பாட்டுற சுவிட்ச், இந்த நாலும் சேந்து தான் அது ஒரு ஒப்ஷன், பிபி மட்டும் மாத்திட்டு மத்ததை விட்டா சரி வராது. எதை எடுத்தாலும் அச்சு வெட்ட முதல் எடுக்கணும். பிபிட சுருக்கத்துக்கு வெட்டின அச்சுல நோரில் அடிச்சா கழுத்து பெரிசா வரும், அப்ப லேத்ல கடைஞ்சு கடைஞ்சு தான் விக்க வேண்டி வரும். மால் உள்ளுக்குப் போற கேட்டும் நடு ஓட்டைய சுத்தி தட்டையா ஒரே கேட்டா வைக்கணும், பக்கத்துல ஒரு கேட் வெச்சா ரெண்டு ஓட்டம் சந்திக்கிற கோட்டுல நார் குறுக்கால கடக்காது, வெல்ட் லைன்ல வலிமை பாதியாகும், அது சரியா இன்சர்ட்ட ஒட்டி தான் விழும்.

மால் பை வந்ததும் பாக்க ரெண்டு வேலை. உப்பு கரையிற மட்டும் கரைச்ச தண்ணிட அடர்த்தி 1.2, அதுல நார் பிபி மிதக்கும், நார் நைலோன் 1.36 தாழும், நோரில் 20 சதவீதம் 1.21 கிட்ட என்டதால அங்கயும் இங்கயும் தடுமாறும், அதுவே ஒரு அடையாளம். மத்தது ஒரு கிராம் எடுத்து 600 டிகிரில எரிச்சு மிஞ்சின சாம்பல நிறுக்கிறது, கைத்தொழில் தொழில்நுட்ப நிறுவனம் ஐடிஐ மாதிரி ஒரு லேப்ல குடுத்தா முடியும், ஆனா நிறை மட்டும் பாத்து திருப்திப்படாதீங்க, டால்க், சுண்ணாம்பு கலந்தாலும் சாம்பல் 20 காட்டும், ஒரு லென்ஸ் வெச்சு ஊசி ஊசியா நார் தெரியுதான்னு பாக்கணும். நோரில உருக்க முதல் 100, 110 டிகிரில ரெண்டு மூனு மணித்தியாலம் காய வெக்கணும், மச்சான்ட பழைய ஹொப்பர் ட்ரையர் 80க்கு மேல ஏறாது, ஆகவே இந்த வாரம் அவர் விலை கேக்கப் போறது மாலுக்கு இல்ல, ட்ரையர் ஹீட்டருக்கு.